பிரிட்ஜில் உருகிய பிளாஸ்மா: வி.டபிள்யூ.எஃப் அளவீட்டில் நேர்ந்த பிழை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர்: முனைவர் பட்ட மாணவி, அவருடைய வழிகாட்டியான பேராசிரியர், அதே வளாகத்து ரத்த வங்கியின் மூத்த டெக்னீஷியன், ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பொறுப்பில் இருந்த நான். பெயர்கள் தேவையில்லை. பிழையில் பெரும்பங்கு என்னுடையது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் வான் வில்லிபிரான்ட் காரணி எவ்வளவு இருக்கிறது, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களை ஒப்பிட்டால் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் மாணவியின் ஆய்வுக் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, வி.டபிள்யூ.எஃப் என்றுதான் சொல்வோம். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் சுரக்கும் மிகப்பெரிய புரதம் இது. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தைத் தன்மேல் சுமந்து, அது சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கும். உட்சுவர் நலிந்தால் இதன் அளவு ரத்தத்தில் கூடும். அதனால் சர்க்கரை நோயில், அதுவும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிறகு, இது உயர்ந்திருக்கும் என்று பல ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. நாங்களும் உயர்வைத்தான் எதிர்பார்த்தோம். எவ்வளவு உயர்வு என்பதுதான் கேள்வி.

ஆரோக்கியமானவர்கள் 30 பேர், நோயாளிகள் 42 பேர். எல்லோரிடமும் 3.2 சதவீத சிட்ரேட் குழாயில், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்ற கணக்கில் எடுத்தோம். தட்டணுக்களுக்குள்ளும் வி.டபிள்யூ.எஃப் இருப்பதால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சென்ட்ரிஃபியூஜில் இரண்டு முறை சுற்றிப் பிரித்தோம். பிறகு அரை மில்லி வீதம் மூன்று சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்தோம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அளந்த முறை

விலை கட்டுப்படியாகாததால் தயார் கிட் வாங்கவில்லை. எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா முறையை நாங்களே அமைத்தோம். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். மனித வி.டபிள்யூ.எஃப்க்கு எதிராக முயலில் உருவாக்கிய எதிர்ப்பொருளை 96 குழிகள் கொண்ட பிளேட்டின் அடியில் இரவு முழுக்க ஒட்டவிடுவோம். மறுநாள் பிளாஸ்மாவை நூறு மடங்கு நீர்த்து ஊற்றுவோம். அதில் உள்ள வி.டபிள்யூ.எஃப் எதிர்ப்பொருளில் சிக்கும். கழுவிய பின், நொதி இணைத்த இன்னொரு எதிர்ப்பொருளை மேலே போடுவோம். கடைசியில் நிறம் தரும் கரைசலை ஊற்றி, அமிலத்தால் நிறுத்தி, நிறத்தின் அடர்த்தியை அளப்போம். எதிர்ப்பொருள் இரண்டுக்கும் நடுவே புரதம் அகப்படுவதால் இதைச் சாண்ட்விச் எலைசா என்பார்கள்.

இந்தப் புரதத்தின் வரலாற்றில் எதிர்ப்பொருளுக்குத் தனி இடம் உண்டு. 1926ல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிரான்ட், அந்நாட்டின் ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் கண்ட ரத்தக்கசிவு நோயைப் பற்றி எழுதினார். அந்த நோயிலும் ஃபேக்டர் 8 குறையும், ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவிலும் குறையும். இரண்டையும் புரத அளவில் பிரித்துக் காட்டியது 1971ல் சிம்மர்மன், ராட்னாஃப், பவல் மூவரும் செய்த வேலை. ஃபேக்டர் 8க்கு எதிரானது என்று நினைத்து முயலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு பார்த்தபோது, ஹீமோஃபிலியாக்காரர்களின் ரத்தத்தில் அந்தப் புரதம் வழக்கமான அளவில் இருந்தது. வான் வில்லிபிரான்ட் நோயாளிகளிடம்தான் குறைந்திருந்தது. உண்மையில் அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொண்டிருந்தது ஃபேக்டர் 8 உடன் சேர்ந்தே பிரிந்து வந்த வி.டபிள்யூ.எஃப்ஐ. குழாயில் என்ன இருந்ததோ அதை அது சரியாகவே பிடித்தது. இருந்தது எது என்பதில்தான் மனிதர்களுக்குக் குழப்பம். எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதேதான் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒவ்வொரு பிளேட்டிலும் விலைக்கு வாங்கிய கட்டுப்பாட்டுப் பிளாஸ்மா ஒன்றை வைப்போம். அது பொடியாக வரும். அறை வெப்பத்தில் நீர் விட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் மதிப்பு குறித்த எல்லைக்குள் வந்தால் அந்த பிளேட்டை ஏற்போம்.

முதலில் கண்டது

ஆரோக்கியமானவர்களின் 30 மாதிரிகளையும் ஏப்ரலுக்குள் முடித்தோம். வழக்கமான பிளாஸ்மாவை 100 என்று கொண்டால் சராசரி 110ஐ ஒட்டி வந்தது. ஓ ரத்தப்பிரிவினரிடம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அது எதிர்பார்த்ததே, ஓ பிரிவினரிடம் வி.டபிள்யூ.எஃப் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அந்த வேறுபாடு எங்கள் அளவீட்டில் தெரிந்ததால் முறை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்தோம்.

ஜூனில் நோயாளிகளின் மாதிரிகளைத் தொடங்கினோம். முதல் பிளேட்டிலேயே சராசரி 70க்கு அருகில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது பிளேட்டும் அப்படியே. 26 பேரை முடித்த நிலையில், உயர்ந்திருக்க வேண்டியது ஆரோக்கியமானவர்களைவிடத் தாழ்ந்து நின்றது.

கட்டுப்பாட்டுப் பிளாஸ்மா ஒவ்வொரு பிளேட்டிலும் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஒரே மாதிரியை இரண்டு குழிகளில் போட்டபோது இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. இந்த ஒற்றுமை எங்களை வெகுவாக ஏமாற்றியது. ஒரே குழாயிலிருந்து எடுத்து ஊற்றிய இரண்டு குழிகள் ஒத்துப்போனால், எங்கள் பைப்பெட் கை நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

எதிர்ப்பொருள் மீது விழுந்த பழி

ஜூன் முதல் வாரத்தில்தான் புதிய தொகுதி எதிர்ப்பொருளைத் திறந்திருந்தோம். பாட்டிலின் தொகுதி எண் மாறிய தேதியும் மதிப்புகள் விழுந்த தேதியும் ஒன்று. வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. முயலில் உருவாக்கிய பல்வகை எதிர்ப்பொருள் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

மூன்று வாரம் அதிலேயே போயிற்று. பழைய தொகுதியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏழு நோயாளிகளின் மூன்றாவது குழாயை எடுத்து, பழையதையும் புதியதையும் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே மதிப்பைத் தந்தன. மாதிரியை 50, 100, 200, 400 மடங்கு நீர்த்துப் பார்த்தோம். கோடுகள் ஸ்டாண்டர்ட் கோட்டுக்கு இணையாகவே சென்றன. புரதம் மிக அதிகமாக இருந்து எதிர்ப்பொருள் திணறி, நிறம் குறைந்து காட்டுகிறதோ என்ற சந்தேகமும் இதோடு போயிற்று. எங்களுடையது இடையில் கழுவும் இருபடி முறை என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு ஆரம்பத்திலேயே வலு கிடையாது. அளவு தெரிந்த வி.டபிள்யூ.எஃப்ஐ மாதிரியில் சேர்த்து அளந்தபோது சேர்த்தது முழுதாகத் திரும்பக் கிடைத்தது.

எதிர்ப்பொருள் எல்லாச் சோதனையிலும் தேறியது. அப்போதே மாதிரியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மேலும், ஏழு பேரின் கடைசிக் குழாய் இந்தத் துரத்தலில் செலவாகிவிட்டது. அதன் விலை பின்னால் தெரிந்தது.

பொய்ச்சாட்சி

பேராசிரியர் ஒரு நல்ல யோசனை சொன்னார். எதிர்ப்பொருளை நம்பாத வேறொரு முறையில் உறுதி செய்வோம் என்றார். வி.டபிள்யூ.எஃப் உண்மையிலேயே குறைந்திருந்தால் அது சுமக்கும் ஃபேக்டர் 8 குறைந்திருக்க வேண்டும். ஃபேக்டர் 8ஐ எதிர்ப்பொருள் இல்லாமல், உறையும் நேரத்தைக் கொண்டே அளக்கலாம். நோயாளிகளின் இரண்டாவது குழாயை எடுத்து அளந்தோம். ஃபேக்டர் 8 குறைந்திருந்தது!

இரண்டு தனித்தனி முறைகள் ஒரே பதிலைச் சொல்லிவிட்டன என்று முடிவுகட்டினோம். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கக் கட்டுரையும் அனுப்பியாயிற்று. ஏன் குறைகிறது என்று விளக்கங்கள் பிறந்தன. சிறுநீரகம் கசிவதால் சிறுநீரில் போகிறதோ என்றுகூட ஒருநாள் பேசினோம். வி.டபிள்யூ.எஃப் சங்கிலி சங்கிலியாகக் கோத்த புரதம்; அந்தச் சங்கிலிகள் 500 முதல் 20,000 கிலோடால்டன் (மூலக்கூற்று எடையின் அலகு) வரை எடை கொண்டவை. ரத்தத்தில் உள்ள சிறிய புரதமான அல்புமின் 66 கிலோடால்டன்தான். அல்புமினுக்கே பாதை அடைத்திருக்கும் வடிகட்டியில் இது எப்படிப் போகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கையில் முடிவு இருந்தால் காரணத்தை மனம் தானே செய்துகொள்கிறது.

மாணவி மட்டும் சமாதானமாகவில்லை. அதே குழாய்களில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதத்தையும் அளந்திருந்தார். அதுவும் எதிர்பார்த்ததைவிடக் கீழே. இந்த நோயாளிகளிடம் ஃபைப்ரினோஜன் உயர்ந்துதான் இருக்கும். ஆனால் உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதமான ஆன்டித்ராம்பின் அளவில் குறையே இல்லை. "எல்லாம் குறைந்தால் மாதிரி நீர்த்துப்போயிருக்கு என்று சொல்லலாம் சார். மூணு மட்டும் ஏன் குறையுது?" என்று கேட்டார். சரியான கேள்வி. பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று தெரியவில்லை.

ரத்த வங்கியிலிருந்து வந்தவர்

ஆகஸ்டில் ஒரு காலை. ரத்த வங்கியின் டெக்னீஷியன் அண்ணன், எங்களிடம் கொடுத்திருந்த குழாய்த்தாங்கியைத் திரும்ப வாங்க வந்தார். மாணவி அப்போது சென்ட்ரிஃபியூஜிலிருந்து குழாய்களை எடுத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழாயின் அடியில் வெள்ளையாகச் சிறு படிவு. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கிரையோ போடுறீங்களா?" என்றார்.

மாணவி விழித்தார். அண்ணன் விளக்கினார். ரத்த வங்கியில் உறைந்த பிளாஸ்மாப் பையைக் குளிரிலேயே, 1 முதல் 6 டிகிரிக்குள் மெல்ல உருகவிடுவார்கள். அப்படி உருகும்போது சில புரதங்கள் கரையாமல் வெள்ளைப் பிசிறாக நின்றுவிடும். சுற்றினால் அடியில் படியும். அதுதான் கிரையோபிரெசிபிடேட். அதில் சேர்வது ஃபேக்டர் 8, வி.டபிள்யூ.எஃப், ஃபைப்ரினோஜன், ஃபேக்டர் 13, ஃபைப்ரோனெக்டின். தனி மருந்துகள் வருவதற்கு முன்னால் ஹீமோஃபிலியாக்காரர்களின் உயிரைக் காத்தது இந்தப் படிவு; 1964ல் ஜூடித் பூல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. ஒரு பையில் குறைந்தது 80 யூனிட் ஃபேக்டர் 8ம் 150 மில்லிகிராம் ஃபைப்ரினோஜனும் இருக்க வேண்டும் என்பது ரத்த வங்கிகளின் அளவுகோல். "நாங்க அடியில இருக்கிறதை வெச்சுக்கிட்டு மேல இருக்கிறதைத் தனியா எடுத்துடுவோம். நீங்க மேல இருக்கிறதை வெச்சுக்கிட்டு அடியைத் தூக்கிப் போடுறீங்க" என்றார்.

குறைந்த மூன்றும் அவர் பட்டியலில் இருந்தன. குறையாத ஆன்டித்ராம்பின் அதில் இல்லை.

பதிவேட்டைப் புரட்டினோம். ஏப்ரல் வரை மாதிரிகளை 37 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்கியிருக்கிறோம். மே மாதம் வாட்டர் பாத் பழுதாகி, பழுதுபார்க்கப் போனது. அது திரும்பி வருவதற்குள் ஜூன் பிளேட்டுகள் வந்துவிட்டன. முந்தின நாள் மாலை மாதிரிகளைப் பிரிட்ஜில் வைத்தால் காலையில் உருகித் தயாராக இருக்கும் என்று மாணவி செய்தார். நல்ல எண்ணம்தான்; மற்றப் பல சோதனைகளுக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். காலையில் பிசிறு மிதந்தது. பைப்பெட் முனை அடைத்துக்கொள்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார். "பிசிறு இருந்தா ஒருமுறை சுற்றிவிட்டு மேலே எடு" என்று சொன்னது நான். அந்த வாக்கியத்தோடுதான் நாங்கள் அளக்க விரும்பிய புரதத்தில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிற்று.

கட்டுப்பாட்டுப் பிளாஸ்மா ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் விளங்கியது. அது பொடியாக வந்து அறை வெப்பத்தில் கரைந்தது. உறைபெட்டியையும் பார்க்கவில்லை, பிரிட்ஜில் உருகவும் இல்லை. நோயாளியின் மாதிரி நடந்த பாதையில் அது நடக்கவே இல்லை. பிளேட்டுக்குள் நடப்பதற்கு மட்டுமே அது காவல். பிளேட்டுக்கு வெளியே நடந்ததற்கு யாரும் காவல் இல்லை. ஃபேக்டர் 8 தந்த சாட்சியமும் இதே வகை. முறைதான் வேறு, உருக்கிய விதம் ஒன்றே. சுயேச்சையான சாட்சி என்று நாங்கள் நம்பியது அதே பிழையின் இன்னொரு முகம்.

நிரூபித்துப் பார்த்தது

அண்ணன் சொன்னது பொருந்தியது என்பதற்காக அப்படியே ஏற்கவில்லை. ஏற்கெனவே ஒரு நல்ல விளக்கத்தை நம்பி மோசம் போனவர்கள் நாங்கள்.

முறையைச் சீர்செய்ய ஒப்புதல் தந்திருந்த எட்டுப் பேரிடம் புதிதாக ரத்தம் எடுத்து, முன்போலவே பிரித்து, ஒரு வாரம் மைனஸ் 80ல் வைத்தோம். நுண்ணுயிரியல் துறையிலிருந்து வாட்டர் பாத் இரவல் வந்தது. ஒவ்வொருவரின் குழாய்களையும் நான்கு விதமாக உருக்கினோம். முதல் விதம், 37 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, மெல்லக் கவிழ்த்துக் கலப்பது. இரண்டாவது, இரவு முழுக்கப் பிரிட்ஜ், காலையில் சுற்றி மேல்பகுதி. மூன்றாவது, இரவு முழுக்கப் பிரிட்ஜ், ஆனால் சுற்றாமல் 37 டிகிரியில் சூடாக்கிக் கலப்பது. நான்காவது, பிரிட்ஜில் உருக்கி, சுற்றவும் இல்லை, சூடாக்கவும் இல்லை. அப்படியே மேலிருந்து எடுப்பது. இரண்டாவது விதத்தில் கிடைத்த படிவையும் வெதுவெதுப்பான உப்புநீரில் கரைத்துத் தனியாக அளந்தோம். எது எந்தக் குழாய் என்று தெரியாதபடி குறியீடு போட்டது வேறொருவர்.

முதல் விதத்தை முழு அளவாகக் கொண்டால், சுற்றி எடுத்த மேல்பகுதியில் பாதியை ஒட்டியே இருந்தது. ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருந்தாலும் எட்டுப் பேரிலும் வீழ்ச்சி தெளிவு. காணாமல் போனதில் பெரும்பகுதி படிவில் கிடைத்தது. சூடாக்கிக் கலந்த மூன்றாவது விதம் முதல் விதத்துக்கு மிக அருகில் வந்தது; அதாவது பிரிட்ஜில் உருகியதே கேடு அல்ல, பிசிறை மறுபடி கரைக்காமல் விலக்கியதுதான் கேடு. நான்காவது விதம் சிதறிக் கிடந்தது: பைப்பெட் முனையில் பிசிறு வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே ஆளிடம் இரண்டு மதிப்புகள்.

குளிரில் முதலில் பிரிவது பெரிய சங்கிலிகள். தட்டணுக்களை ஒட்டவைப்பதில் வலிமை மிக்கவை அவைதான். எதிர்ப்பொருள் அளப்பது புரதத்தின் மொத்த அளவை மட்டும். நாங்கள் செயல்திறனையும் அளந்திருந்தால் வீழ்ச்சி இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும். அளவுக்கும் திறனுக்கும் இடையே ஒரு போலி இடைவெளியும் தோன்றி, வான் வில்லிபிரான்ட் நோயின் ஒரு வகையோ என்று எங்களை வேறு காட்டுக்குள் இழுத்துப் போயிருக்கும். நோயறியும் ஆய்வகத்தில் இதே பிழை நடந்தால், இல்லாத நோயை ஒருவர் தலையில் எழுதுவதாக முடியும்.

எடுத்த முடிவுகள்

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். காரணத்தை மறைக்காமல், மாதிரியைக் கையாண்டதில் பிழை என்று எழுதினோம். பேராசிரியர் அன்று மாலையே அதை அனுப்பினார். அதில் தயக்கம் காட்டாதது எங்கள் எல்லோருக்கும் உதவியது.

ஜூன் முதல் அளந்த 26 பேரின் மதிப்புகளையும் முழுதாக விலக்கினோம். பாதி குறைந்திருக்கிறது, இரண்டால் பெருக்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. இழப்பு ஆளுக்கு ஆள் மாறியதை எட்டுப் பேரிடமே கண்டிருந்ததால் அதைக் கைவிட்டோம். 19 பேரின் மூன்றாவது குழாய் உருகாமல் இருந்தது. அவற்றை மறுபடி அளக்கத் தீர்மானித்தோம். எதிர்ப்பொருளைச் சோதிக்கக் கடைசிக் குழாயைச் செலவழித்த ஏழு பேரிடம் எதுவும் மிச்சமில்லை. அவர்களைத் திரும்ப அழைத்து ரத்தம் எடுக்கலாமா என்று பேசினோம். காய்ச்சல், மன அழுத்தம், உடற்பயிற்சி எதற்கும் ஏறும் புரதம் இது. இடையில் மாதங்கள் ஓடியிருந்தன, சிலருக்கு மருந்தும் மாறியிருந்தது. ஏழு பேரையும் ஆய்விலிருந்து நீக்கினோம். நம்மை நம்பிக் கை நீட்டிக் கொடுத்த ரத்தம் வீணானது இன்றும் உறுத்துகிறது.

ஆரோக்கியமானவர்களின் மதிப்பைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. ஆனாலும் அவர்களில் பத்துப் பேரின் மிச்சக் குழாயை, நோயாளிகளின் குழாயோடு ஒரே நாளில் உருக்கி அதே பிளேட்டில் வைத்தோம்.

பின்னர்

அந்தப் பத்தும் ஏப்ரல் மதிப்போடு ஒத்துப்போயின. நோயாளிகள் 35 பேரின் சராசரி 150ஐத் தாண்டியது. ரத்தப்பிரிவைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நின்றது. புதுமை ஒன்றுமில்லை, மற்றவர்கள் முன்பே கண்டதை நாங்களும் கண்டோம். மாணவிக்கு ஏமாற்றம்தான், தலைகீழான முடிவு எழுதுவதற்குச் சுவையாக இருந்திருக்கும். உருக்கும் முறை பற்றிய எட்டுப் பேர் சோதனை அவருடைய ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக இடம்பெற்றது. வாய்மொழித் தேர்வில் அதிகக் கேள்விகள் வந்தது அந்த அத்தியாயத்தில்தான்.

இனி வேறாகச் செய்வது

பொடிப் பிளாஸ்மாவோடு கூட, பல பேரின் பிளாஸ்மாவைக் கலந்து, மாதிரிகளைப் போலவே அரை மில்லி குழாய்களில் மைனஸ் 80ல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று மாதிரிகளோடு சேர்ந்து உருகி, சேர்ந்து கலந்து, சேர்ந்தே பிளேட்டுக்குப் போகிறது. பழைய செய்முறைத் தாளில் "மாதிரியை உருக்கவும்" என்று மட்டும் இருந்தது. இப்போது 37 டிகிரி, ஐந்து நிமிடம், ஆறு முறை மெல்லக் கவிழ்க்கவும், சுற்றக் கூடாது, பிசிறு தெரிந்தால் மீண்டும் வாட்டர் பாத்தில் வைக்கவும் என்று இருக்கிறது. வாட்டர் பாத் இல்லாத நாளில் பிளேட் கிடையாது.

பாட்டில் மாறிய தேதியைப் பெரிய எழுத்தில் குறித்துவைத்த நாங்கள், வாட்டர் பாத் பழுதான தேதியைப் பழுதுபார்ப்புச் சீட்டில் தேடித்தான் கண்டுபிடித்தோம். இப்போது கருவி பழுதாவதும் அதே பதிவேட்டில், அதே பக்கத்தில் ஏறுகிறது. உறைபெட்டியிலிருந்து ஒருவரின் கடைசிக் குழாயை எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். முறையைச் சோதிக்க நோயாளியின் மாதிரியைத் தொடுவதில்லை, அதற்குக் கலவைப் பிளாஸ்மா இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் சேரும் புதியவர்களை முதல் வாரத்திலேயே ஒருநாள் ரத்த வங்கிக்கு அனுப்புகிறோம். அண்ணன் ஒரு பையை உருக்கி, சுற்றி, அடியில் படிந்ததைக் காட்டுகிறார்.